படத்தில் காட்டிக் கொடுத்தவர்

"இந்தப் படத்தை இன்னைக்கும் ஓட்டினீங்கன்னா, திரையைக் கிழிச்சுப் போட்டுடுவேன்."

டிக்கெட் ஜன்னலை மறித்துக்கொண்டு நின்றாள் டெல்ஃபினா. ஜன்னலுக்கு உள்ளே இருந்த அம்புரோஜோ டிக்கெட் கட்டைக் கீழே வைத்தார். சுவிஸ் எல்லையை ஒட்டிய அந்த இத்தாலிய மலையூரில் இருந்த ஒரே சினிமாக் கொட்டகை அவருடையது. அவளோ, உலகப் போர் ஓய்ந்த மறு வருஷம் காப்பிக்கொட்டை கடத்தி வரும்போது எல்லைக் காவலர்கள் சுட்டுச் செத்துப்போன கௌதென்சோவின் மனைவி. ரோமிலிருந்து வந்தவர்கள் அந்தக் கதையைத்தான் படமாக எடுத்திருந்தார்கள். வேறெங்கும் ஈ ஓட்டிய படத்துக்கு இங்கே கூட்டம் தாங்கவில்லை.

"உன் புருஷனை வீரனாத்தானேம்மா காட்டியிருக்காங்க?"

"யாரு, கிளம்பும்போது பொண்டாட்டி நெத்தியில முத்தம் குடுக்கறானே, அவனா? என்கிட்ட வந்து கேட்டிருக்கணும் அவங்க. அவன் கை என் மேல பட்டா, மறுநாள் முக்காட்டை மூஞ்சி வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டுத்தான் நான் கோயிலுக்கு வருவேன்."

அம்புரோஜோ சில்லறையை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஒருத்தர்கூடத் தட்டிக் கேட்டதில்லை, அவரையும் சேர்த்து.

"அது தொலையட்டும். காட்டிக் கொடுத்தது நொண்டிக் கால் முடிவெட்டறவன்னு காட்டறாங்களே, அது யார் கட்டின கதை அண்ணே? நேத்து நம்ம செவெரினோ கடைக் கண்ணாடியை அடிச்சு நொறுக்கிட்டாங்க. கால் விந்தறதும் முடி வெட்டறதும்தான் அந்த மனுஷன் செஞ்ச தப்பு. மூட்டை கட்டிட்டு இருக்காரு. பிள்ளைகுட்டியோட எங்க போவாரு?"

அம்புரோஜோவே இப்போது பக்கத்து ஊரில்தான் முடி வெட்டிக்கொள்கிறார். அந்தக் குறுகுறுப்பு அவருக்குக் கோபமாக வந்தது.

"அவனுக்கு நீ ஏம்மா பரிஞ்சு பேசற? எல்லைக் காவல்காரங்க நடமாட்டம் இருந்தா கறுப்புச் சால்வை, இல்லேன்னா வெள்ளை விரிப்பு. இந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் அடையாளத்துக்கு மாடியில காயப்போடறதுதானே? அன்னைக்குக் காலைல உன் மாடியில வெள்ளை விரிப்பு தொங்கினதை நானே பார்த்தேன். அதை நம்பித்தான் உன் புருஷன் மலையிலேருந்து இறங்கினான். எவனும் காட்டிக் கொடுக்கலேன்னா, உன் கண்ணுலகூடப் படாம அந்தக் காவல்காரனுங்க எங்க போய் ஒளிஞ்சிருந்தானுங்க?"

டெல்ஃபினா அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"யாரும் ஒளியல அண்ணே. என் அடுப்படியில உட்கார்ந்து, நான் போட்டுக் குடுத்த காப்பியைக் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க."