பிழைத்துக்கொண்ட தங்கச்சி

வாரப் பத்திரிகைத் தொடரில் கதாநாயகனின் குட்டித் தங்கச்சி காய்ச்சலில் செத்துப்போனாள். அதைப் படித்த மருந்துக்கடைக்காரிக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தொடரை வைத்து இணையத்தில் தான் எழுதும் ரசிகைக் கதையில் அவளைப் பிழைக்க வைத்துவிட்டாள். அந்தக் கதையைத் தானும் தொடர்ந்து எழுதலாமா என்று இன்று 'கத்துக்குட்டி' என்ற பெயரில் யாரோ கேட்டிருந்தார்கள்.

"கேக்காமலே கதையைச் சுடுற காலத்துல கேக்குதே! நல்ல பிள்ளை, குடுத்துடேன்" என்றான் கணவன்.

"குடுத்து, மறுபடியும் கொன்னுட்டா? என்னால தாங்க முடியாதுப்பா."

கறாராகவே தட்டினாள்: "என் பேரைப் போடணும். தங்கச்சி சாகக் கூடாது. ஆமா, இதுக்கு முன்னாடி ஏதாவது எழுதியிருக்கீங்களா?"

பதில் வந்தது.

"அந்தத் தொடரை எழுதுறதே நான்தாங்க. அவளைக் கொன்னதுலேர்ந்து கை ஓடல. உங்ககிட்டதான் உயிரோட இருக்கா. அனுப்பி வைங்களேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போங்க. இருமல் இன்னும் விடல, மழையில நனைய விடாதீங்க."