எட்டடிப் பள்ளம்

“எத்தனை அடி தோண்டுவீங்க, சார்?”

பேச்சியம்மா இதை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். பொறியியலாளர் விமலநாதன் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “எட்டடி” என்றார்.

“எட்டடி போதுமா?”

“ஓம் அம்மா. மழைத்தண்ணி ஊறிப் போறதுக்கு அது காணும்.”

அவள் முகம் தெளிந்தது. மை தடவிய பெருவிரலைப் படிவத்தில் அழுத்தினாள். ஹந்தானை மலையடிவாரத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில் கிடைத்த முதல் ஒப்புதல் அதுதான்.

மலையில் மழை பெய்தால் தண்ணீர் அந்த இருபத்தாறு வீடுகளுக்குள்தான் இறங்கும். பேச்சியம்மாவுடையது கடைசி வீடு. அவள் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு காய்ந்து கிடந்தது.

லயத்துக்குக் கீழே ஒரு வெறும் வளவு. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எரிந்த, மரம் அறுத்து விற்கும் மரக்காலை இருந்த இடம். எரிந்த கையோடு அதை வாங்கியவர், லொறி லொறியாக மண் கொட்டி மேடாக்கிக் கம்பி வேலியும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு வெள்ளத்துக்குப் போக வழியில்லை.

அந்த வளவில் பெரிய பள்ளம் தோண்டி, கல்லும் மணலும் பரப்பி, சுற்றிவர மரம் நட்டால் வெள்ளம் மண்ணுக்குள்ளேயே இறங்கிவிடும் என்பது விமலநாதனின் திட்டம். அதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒன்று கிடைக்க இருந்தது. இருபத்தாறு வீட்டாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாதக் கடைசிக்குள் அனுப்பாவிட்டால் நன்கொடை வேறு ஊருக்குப் போய்விடும்.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. வடக்கில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்தது. விமலநாதனைப் போல யாழ்ப்பாணத்தார் ஒருவர் கண்டி நகரத்து வரைபடங்களோடு வீடு வீடாக ஏறி இறங்கினால், கதவைத் திறக்கவே சனம் பயந்தது. அன்று காலையில்தான் சோதனைச் சாவடியில் அவரை முக்கால் மணி நேரம் நிறுத்தி, வரைபடத்தில் இருந்த கோடு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டிருந்தார்கள். எல்லாம் தண்ணீர் ஓடும் கான்கள் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு நா வறண்டுவிட்டது.

“கையெழுத்த வாங்கிக்கிட்டு எங்கள கெளப்பிவிட்டா நாங்க எங்க போறது?” என்று குறுக்கே விழுந்தான் பக்கத்து வீட்டுச் சின்னமுத்து. “பேச்சியக்கா, நீ எதுக்கு இதுல இப்படித் துடிக்கிற?”

“ஒன் வீட்டுக்குள்ள முட்டளவுதான்டா தண்ணி. என் வீட்டுக்குள்ள வந்து பாரு.”

அதன்பின் பத்து நாளும் அவள் ஓயவில்லை. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்ததும், கூடையை இறக்கிவைத்த கையோடு படிவங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். சண்டை பிடித்தாள், கெஞ்சினாள், சின்னமுத்துவின் காலில் விழவும் போனாள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் இருபத்தாறு வீடும் சம்மதித்தது.

“தோண்டுற வேலைக்கு என்னையும் சேத்துக்குங்க, சார். சம்பளம் வேணாம்” என்றாள், படிவக் கட்டைக் கொடுக்கும்போது.

இப்படி நாலு பேர் இருந்தால் இந்த நகரம் எப்படியிருக்கும் என்று நினைத்தபடி விமலநாதன் பஸ் ஏறினார்.

ஆனால் வளவுக்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். மரம் எத்தனை வேண்டுமானாலும் நடலாமாம். மண்வெட்டி ஓரடிக்குக் கீழே போகக்கூடாதாம். ஏன் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

விமலநாதன் திட்டத்தை முழுதாக மாற்றி எழுதினார். தண்ணீரை லயத்துக்கு மேலேயே மறித்து, புல் வளர்த்த கான் வழியே சுற்றி அனுப்பலாம். கீழ் வளவில் நாற்பது மரங்கள் மட்டும். நன்கொடைக்காரர்கள் சரி என்றார்கள். புதிய படிவத்தில் எல்லாரும் மறுபடி ஒப்புக்கொண்டால் போதும்.

இந்தத் தடவை சின்னமுத்துவே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான். கடைசி வீட்டுக்குள் விமலநாதன் சிரித்துக்கொண்டே நுழைந்தார்.

“இனி உங்கட வீட்டுக்க ஒரு சொட்டுத் தண்ணியும் வராது, அம்மா. பள்ளம் தோண்டவும் தேவையில்லை.”

நீட்டிய மைப்பெட்டியைப் பேச்சியம்மா தொடவில்லை.

“தோண்டமாட்டீங்களா?”

“இல்லை. மேலால மரம் மட்டும்தான் வைக்கிறம்.”

“அப்ப நான் கை வைக்கமாட்டேன்.”

விமலநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கோபம் வந்தது. “இருபத்தஞ்சு வீடும் போட்டாச்சு. நாளைக்குக் கடைசி நாள். உங்கட ஒரு ஆளால எல்லாம் நிண்டுபோகும், தெரியுமோ?”

“தெரியுது, சார். வீட்டுக்குள்ள தண்ணி வந்தா வந்துட்டுப் போகட்டும். தோண்டாம மட்டும் விட்டுறாதீங்க.”

“இவ்வளவு நாளும் தண்ணிக்காகத்தானே அலைஞ்சனீங்கள்?”

அவள் எழுந்து போய் வாசலை எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

“அந்த மரக்காலையிலதான் சார் என் புருஷன் மரம் அறுத்தாரு. கலவரத்தன்னைக்கும் வேலைக்குப் போயிருந்தாரு.”

விமலநாதன் மைப்பெட்டியை மெல்ல மூடினார்.

“உள்ளேருந்து அவர இன்னும் வெளிய எடுக்கலீங்க, சார்.”