முப்பத்தெட்டு டன்

"அறுபது டன் ஏசி போட வேண்டிய கட்டடத்துக்கு முப்பத்தஞ்சே போதும்ன்றீங்க. மே மாசம் ரூம் எடுக்கறவன் வெந்துட மாட்டானா மேடம்?"

ஏசி டீலர் பாக்கியநாதன் கேட்ட கேள்வியில் முனிகிருஷ்ணனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வந்துபோகும் கம்பெனி ஆட்களை நம்பி, பொன்னேரி நிலத்தை விற்று, நாற்பது அறை லாட்ஜ் கட்டுகிறார். கரண்ட் செலவைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று சென்னை டிசைன் ஆபீஸிலிருந்து ஷைனி வந்திருந்தாள். இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். இருவரையும் எதிரெதிரே பேசவிட்டு முடிவெடுக்கலாம் என்றுதான் மனையிலிருந்த சைட் ஆபீஸுக்கு அழைத்திருந்தார்.

"மேற்குச் சுவரை நடுவுல இடைவெளி விட்டு ரெட்டைச் சுவரா கட்றோம் சார். மொட்டை மாடில வெள்ளை டைல்ஸ். ஜன்னலுக்கு வெளியவே நிழல் தடுப்பு. வெயில் உள்ள வந்தாத்தானே ஏசி கஷ்டப்படணும்?"

"குளிக்க வெந்நீரு?" பாக்கியநாதன் அடுத்ததற்குத் தாவினார்.

"ஏசி வெளிய தள்ற சூட்டுலயே தண்ணி காஞ்சிடும். ரூமுக்கு ரூம் கீசர் வேணாம்."

"மார்கழில எவன் ஏசி போடுவான்? அப்போ பச்சத்தண்ணிதானா?"

"மார்கழி, தை ரெண்டு மாசத்துக்கும் சோலார் ஹீட்டர் வெச்சிருக்கேன்." வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள்.

பாக்கியநாதன் விடுவதாக இல்லை. "கடல் காத்து வீசற ஊரு மேடம் இது. வெயிலைத் தடுத்தாலும் புழுக்கம் போவாது. அதுக்கு இன்னா கணக்கு?"

ஷைனி லேப்டாப்பை இழுத்துக் கணக்கைத் திறந்தாள். ஐந்து நிமிடம் எதையெதையோ தட்டிப் பார்த்தாள். பழையபடி அறுபதே போட்டுத் தொலைக்கலாமா என்று முனிகிருஷ்ணன் வாயெடுக்கும் நேரம் நிமிர்ந்தாள்.

"புழுக்கத்தைக் கம்மியாத்தான் எடுத்திருக்கேன் சார். தப்பு என்னோடது. மூணு டன் சேர்க்கணும். முப்பத்தெட்டு. அதுக்கு மேல ஒரு டன்கூட வேணாம்."

தப்பை மூடி மறைக்காத அந்தப் பதிலில்தான் முனிகிருஷ்ணனுக்குத் தெம்பு வந்தது. "முப்பத்தெட்டே போடலாம். நீ வரைஞ்சபடியே கட்டிடலாம்மா" என்றார்.

ஷைனி கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். பாக்கியநாதன் தன் கொட்டேஷனை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

பெரிய ஆர்டர் கண்ணெதிரே சுருங்கிப்போன மனுஷன். நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லலாம் என்று முனிகிருஷ்ணனும் பின்னாலேயே போனார். செங்கல் அடுக்குக்கு அந்தப் பக்கம் ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம். கூடவே பாக்கியநாதனின் குரல்.

"மூஞ்சத் தூக்கி வெச்சிக்காத ஷைனிம்மா. 'அப்பன் விட்டுக் குடுத்துத்தான் ஜெயிச்சா'ன்னு நாளைக்கு எவனும் உன்னைச் சொல்லக் கூடாது பாரு, அதான் அவ்ளோ கொடஞ்சேன். ஏறு, உங்கம்மா சாப்டாம ஒக்காந்துக்கினு இருப்பா."