முள் பார்த்த பக்கம்

“எப்சி, பாக்கெட்ல என்னம்மா?”

“கர்ச்சீஃப் சார்.”

“எடு, பார்க்கலாம்.”

எடுத்துக் காட்டினாள். கர்ச்சீஃப்தான். பயிற்சியாளர் தேவானந்தத்துக்கு நம்பிக்கை வரவில்லை.

தாம்பரம் பச்சைமலையில் மலையேற்றக் குழுவின் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. வரைபடமும் திசைகாட்டியும் மட்டும்தான். எல்லோருடைய போனையும் அடிவாரத்திலேயே ஒரு பையில் வாங்கிப் போட்டுவிட்டார். இதில் தேறினால்தான் அடுத்த வாரம் மேகமலை. நாவலூர் கம்பெனியில் வேலை பார்க்கும் எப்சி, அதற்காகக் கெஞ்சி லீவு வாங்கியிருந்தாள்.

தேவானந்தம் பாறை மேல் வரைபடத்தை விரித்து, கையை ஊன்றி மெல்ல மண்டியிட்டார். எப்சி எதிரே உட்கார்ந்து திசைகாட்டியை வைத்தாள். முள் ஆடி, கிழக்கே போய் நின்றது.

“இதுவா வடக்கு? அப்போ வடக்கே இருக்கிற ஏர்போர்ட் எங்கே, கடல்லயா?”

பக்கத்தில் நின்ற ஜெரோம் சிரித்துவிட்டான்.

எப்சி கொஞ்ச நேரம் முள்ளையே பார்த்தாள். திசைகாட்டியை எடுத்துக்கொண்டு மரங்களுக்கு அந்தப் பக்கம் போனாள். திரும்பி வந்து, “வடக்கு அப்படி சார்” என்று கை நீட்டினாள்.

சரியான விடை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

“என் முன்னாடி தப்பு. மரத்துக்குப் பின்னாடி போனா சரி. அங்க எதைப் பார்த்துட்டு வந்தே?”

“காம்பஸைத்தான் சார்.”

“பக்கத்துல போன் இருந்தா முள்ளை இழுக்கும். போனைப் பார்த்தா விடை கிடைக்கும். ரெண்டும் நடந்திருக்கு. இன்னொரு போன் வெச்சிருக்கே நீ.”

பையைக் கொட்டச் சொன்னார். கொட்டினாள். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், தொப்பி.

“புதர்ல போட்டுட்டு வந்திருப்பே. மறைக்கிறவங்க யாரும் என் டீம்ல வேண்டாம். இடுப்பு வலியை மறைச்சான்னு போன மாசம் கிறிஸ்டியையே நிறுத்தினேன். நீயும் மேகமலைக்கு வர வேண்டாம்.”

எப்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் பாறையைப் பிடித்து எழுந்திருப்பதைப் பார்த்தாள்.

“சரி சார்.”

இறங்கும்போது ஜெரோம் குரலைத் தாழ்த்தினான். “உங்கிட்ட இருக்கிறது ஒரே போன். அதைப் பையில போட்டதை நான் பார்த்தேன். ஏன் வாயை மூடிக்கிட்டே?”

“அந்த முள் எந்தப் பக்கம் பார்த்துச்சு, கவனிச்சியா?”

“கிழக்கே.”

“கிழக்கை இல்ல, சார் முட்டியை. பேன்ட்டுக்குள்ள பட்டையா தெரிஞ்சுது. எங்கப்பாவும் கட்டுறாரு, முட்டி வலிக்குக் காந்த பெல்ட். கழட்டி வெச்சா பீரோ கதவுல போய் ஒட்டிக்கும்.”

ஜெரோம் நின்றுவிட்டான். “காந்தமா! அது சாருக்கே தெரியாதா?”

“வலியில கட்டினவருக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கும்?”

“அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?”

“எல்லார் முன்னாடியுமா? வலியை மறைச்சா டீம்ல இடமில்லன்னு ரூல் போட்டதே அவர்தான். எனக்கு அடுத்த வருஷமும் மலை இருக்கும், ஜெரோம்.”

முன்னால் பக்கவாட்டில் கால் வைத்து இறங்கிக்கொண்டிருந்த தேவானந்தம் சட்டென்று திரும்பினார்.

“அங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?”

“ஒண்ணுமில்ல சார்” என்றாள் எப்சி. “கல்லு வழுக்குது. மெதுவா இறங்குங்க.”