விரிசல் மேல் ஒரு கண்ணாடி

“பெத்த பிள்ளை கட்டுற கட்டடத்து மேலேயே புகார் கொடுக்கிற அம்மாவை இப்பத்தான் சார் பார்க்கிறேன்!” உதவி இன்ஜினியருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவனுக்கோ எரிச்சல் மண்டியது. வானத்தை முட்டும் அந்தக் கோபுரத்துக்கு அவன்தான் தலைமை இன்ஜினியர். எந்தத் தூண் எவ்வளவு தாங்கும், காற்றடித்தால் உச்சி எவ்வளவு ஆடும், எல்லாம் அவன் போட்ட கணக்கு. பக்கத்துத் தெருவில்தான் அம்மா தனியாக இருந்தாள். அவளே இப்படி மானத்தை வாங்கினால்?

மாடி ஏற ஏறப் பாரம் கூடும். சுற்றியுள்ள நிலம் லேசாக இறங்கலாம். அதனால் அக்கம்பக்கத்து வீடுகளில் விரிசல் இருந்தால், அதன் குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டையைச் சிமெண்ட் வைத்து ஒட்டிவிடுவார்கள். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் வேலையை நிறுத்த வேண்டி வரும். தலைமை இன்ஜினியரே நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அம்மா வீட்டுக் கண்ணாடி உடைந்துவிட்டதாம்.

உதவி இன்ஜினியரான அந்தப் பெண்ணோடு அவன் போனபோது, அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“வாப்பா. என்ன இப்படி இளைச்சுட்டே? உன் வீட்டுல சோறு போடுறாங்களா, இல்லே படம் வரைஞ்சு காட்டுறாங்களா?”

“வேலையா வந்திருக்கேன்மா. சுவரைக் காட்டு.”

“சுவர் எங்கேயும் ஓடிடாது. முதல்ல காபியைக் குடி.”

“ஏம்மா இப்படிப் பண்றே? தினமும் பக்கத்துலதானே இருக்கேன்! என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“பக்கத்துலதான் இருக்கே. நானும் மொட்டைமாடியில நின்னு பார்க்கிறேன். மேலே பூரா மஞ்சள் தொப்பி. அதுல எது என் பிள்ளைன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு வெள்ளைத் தொப்பிம்மா.”

“அடப்பாவி! அப்போ இத்தனை நாளா எவனையோ பார்த்துக்கிட்டா நின்னேன்?”

உதவி இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான்.

ஜன்னலுக்குக் கீழே அதே விரிசல். பள்ளிக்கூட நாளில் பென்சில் சீவிய தூளை அவன் திணித்து வைத்த விரிசல். அன்றைக்கு இருந்ததைவிட ஒரு நூல் கூட அகலவில்லை.

கண்ணாடியைப் பார்த்தான். சுவர் அசைந்திருந்தால் விரிசலோடு சேர்ந்து ஒரே கோடாகப் பிளந்திருக்கும். இது நடுவில் அடி வாங்கி, நாலா பக்கமும் சிதறியிருந்தது.

திரும்பினான். அம்மா துணி சுற்றிய ஆள்காட்டி விரலைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“சார், இது...” என்று ஆரம்பித்தாள் உதவி இன்ஜினியர்.

“சுவருக்கு ஒண்ணுமில்லை. கை தவறிப் பட்டிருக்கும், அப்படியே எழுதிடுங்க. வண்டியில வேற கண்ணாடி இருக்கும், எடுத்துட்டு வாங்க.”

அவள் வெளியே போனதும், கீழே கிடந்த சில்லுகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

நிமிராமலேயே சொன்னான்:

“இனிமே கண்ணாடி உடையாட்டியும் வருவேன்மா.”