பந்து தராதவள்

"பந்தை அவகிட்ட குடுடி!"

கேலரியில் ஏறி நின்று நெட்டையின் அம்மா கத்தினாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. மைதானம் முழுக்கக் கேட்டது. வாலுவுக்கு மட்டும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடப் பெண்களுக்கான கூடைப்பந்து இறுதி ஆட்டம். ஓரத்தில் நாற்காலி போட்டு, மடியில் நோட்டோடு ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். கண்டிப்பான அம்மாள். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சீட்டு. படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். அதற்குக் குறித்து வைத்திருந்தது ரெண்டு பேரை. முதலில் நெட்டை, அடுத்து வாலு.

ரெண்டும் ஒரே டீம், ஒரே பெஞ்சு. ஒருத்தியைத் திட்டினால் இன்னொருத்தி அழுவாள்.

அன்றைக்கு என்ன பேய் பிடித்ததோ, வாலு பந்தை விடவே இல்லை. கூடைக்கு அடியில் நெட்டை தனியாக நின்றாலும் இவளே ஓடினாள், இவளே எறிந்தாள், பாதியைக் கோட்டை விட்டாள். வேறு யாராவது நெட்டைக்குக் கொடுக்கப் போனால்கூடக் குறுக்கே பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இப்படியுமா பொறாமை!" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஒரே சீட்டுன்னதும் புத்தியைக் காட்டிட்டா பாருங்க. என் வீட்ல எத்தனை நாள் சாப்பிட்டவ!" என்றாள் நெட்டையின் அம்மா.

நாலு பாயின்ட்டில் தோற்றார்கள்.

"பந்து என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று பி.டி. டீச்சர் எல்லார் முன்னாலும் கேட்டார். வாய்க்கு வாய் பதில் பேசுகிறவள், அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

பயிற்சியாளர் அம்மாள் நோட்டை மூடினார். "நெட்டைப் பொண்ணோட ஆட்டத்தை ஏற்கெனவே பார்த்திருக்கேன். இன்னைக்குக் குணத்தையும் பார்த்துட்டேன். பந்தே வராம கடைசி வரைக்கும் ஓடினா, முகம் சுளிக்கல. இவதான் எனக்கு வேணும்."

"இன்னொருத்தி?" என்றார் டீச்சர்.

"வேண்டவே வேண்டாம். சுயநலம் பிடிச்சவ."

நெட்டையின் அம்மா மண்ணை வாரித் தூற்றாத குறைதான். "கடவுள் கண்ணைத் திறந்துட்டார்டி! இனிமே உன் நிழல்கூட என் வாசல்ல படக் கூடாது!"

"சரி ஆன்ட்டி" என்றாள் வாலு.

"போதும், வாம்மா" என்று நெட்டை அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள். ரெண்டு நாளில் பயிற்சி முகாம் என்று கல்லூரியில் அழைத்துக்கொண்டார்கள்.

முதல் வருஷம் நெட்டை மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் களத்தில் இறங்கினாள். மூன்றாம் வருஷம் கேப்டன்! சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற அத்தனை பேருக்கும் அந்தக் கதை மனப்பாடம்.

கேப்டனுக்கு ஒரு நல்ல ஷூ வாங்க வேண்டும் என்று அம்மா கடைக்குப் போனாள். பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தது வாலு.

"அடடே, நீயா! இங்கதான் வேலையா?" அம்மாவுக்கு நாக்கு அரித்தது. "எம் பொண்ணு பேட்டி காலேஜ் பத்திரிகையில வந்திருக்கே, படிச்சியா? 'கூட ஆடினவளே எனக்குப் பந்து தரல, அதுலதான் பொறுமை கத்துக்கிட்டேன்'னு சொல்லியிருக்கா."

"படிச்சேன் ஆன்ட்டி. போட்டோ நல்லா வந்திருந்துச்சு."

அம்மாவுக்குச் சப்பென்று போய்விட்டது. ஒரு ஷூவைக் காட்டி, "இதை எடு" என்றாள்.

"அது வேணாம் ஆன்ட்டி. லேஸ் வச்சது. அந்த மடங்காத விரலை வச்சுக்கிட்டு முடிச்சுப் போட அவளுக்குக் கஷ்டம். இது பாருங்க, ஒட்டுற பட்டி."

"முகாம்ல பட்டுச்சே, அந்த விரலா? அது உனக்கு எப்படித் தெரியும்?"

"முகாம்லயா? ஃபைனல் அன்னைக்குக் காலையில, பிராக்டிஸ்ல..." வாலு பாதியில் நிறுத்தினாள். "அவ உங்ககிட்ட சொல்லலையா ஆன்ட்டி?"

"என்னடி சொல்லல?"

வாலு வேறு பெட்டியை எடுக்கத் திரும்பினாள். அம்மா விடவில்லை.

"விரல் பிசகிடுச்சு ஆன்ட்டி. கதறிட்டா. காயம்னு தெரிஞ்சா பேரை அடிச்சிடுவாங்கன்னு ஒரே அழுகை. கையில பந்து பட்டாத்தானே தெரியும்? நீ சும்மா ஓடு, பந்து உங்கிட்ட வராம நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன்."

அம்மா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ஏண்டி, உனக்கும் அந்த சீட்டு வேணும்தானே?"

"வேணும்தான்." வாலு பெட்டியை மூடினாள். "அவ அழுதா எனக்குத் தாங்காது ஆன்ட்டி."

ஷூ வாங்காமலே அம்மா வெளியே வந்தாள். நடைபாதையில் நின்றபடியே மகளுக்குப் போன் போட்டாள்.

"சொல்லும்மா, பிராக்டிஸ்ல இருக்கேன்."

"ஃபைனல் அன்னைக்கே உனக்கு விரல் போயிடுச்சாமே?"

"யாரும்மா சொன்னா?"

"அந்தப் பொண்ணை ஊரே சேர்ந்து காறித் துப்பிச்சு. நானும் துப்பினேன். நீ பக்கத்துலதானேடி நின்னே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்தப் பக்கம் யாரோ பந்து தட்டுகிற சத்தம் கேட்டது. கேப்டன் மெல்லச் சொன்னாள்.

"சொல்லியிருந்தா அந்த சீட்டை அவளுக்குக் குடுத்திருப்பாங்களேம்மா."