குண்டூசி வந்துவிட்டாள்

இப்படித் தொண்டை கிழியக் கூப்பிட்டால் யார்தான் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று அவள் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

"குண்டூசி! அடியே குண்டூசி!"

திரும்பினாள். புல்வெளியில் மடக்கு நாற்காலிகள் போட்டு மூன்று பெண்கள், அறுபதை ஒட்டிய வயது. கூப்பிட்ட நெட்டைப் பெண்மணி தூக்கிய கையை இறக்காமல் நின்றாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வந்துட்டேன்" என்று அவள் சிரித்தாள்.

"வந்துட்டாளாம்! வாடி, உக்காரு" என்று நடுவில் இருந்தவள் நாலாவது நாற்காலியில் கிடந்த பைகளை எடுத்துக் கீழே வைத்தாள். "இளைச்சுப் போயிட்டியே!"

குண்டூசி யாரென்று அவளுக்குத் தெரியாது. இந்த மூன்று பேரையும் இதற்கு முன் பார்த்ததும் இல்லை.

பழைய பாட்டுத் திருவிழாவுக்கு ஒற்றை டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். வாரத்தில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் வேலை. ஏழாவது நாள் பேச ஆள் கிடையாது. இன்று காலையிலிருந்து அவள் வாயைத் திறந்தது டிக்கெட் கிழித்தவனிடம் மட்டும்தான்.

ஒரு பாட்டு முடியட்டும், ஆள் மாறிப்போச்சு என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தாள். பாட்டு முடிந்தது. அவள் எழவில்லை.

பேச்சிலிருந்தே ஆட்களைப் பிரித்துக்கொண்டாள். நெட்டையானவள் ஒட்டகம். பைகளை எடுத்து வைத்தவள் வக்கீல். தொப்பிக்காரி பல் டாக்டர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் குண்டூசியோடு சேர்த்து நாலு பேரும் ஒரே விடுதி அறை.

மேடையில் வெள்ளைத் தாடியும் பெல்பாட்டமுமாக ஒருவர் கிடாரை வைத்துக்கொண்டு துள்ளினார். "இடுப்பு பிடிச்சுக்கப் போகுது பாரு" என்றாள் வக்கீல். சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"வார்டனோட செருப்பைக் கிணத்துல போட்டது யாருடி?" என்று பல் டாக்டர் திடீரென்று கேட்டாள். மூன்று முகங்களும் இவள் பக்கம் திரும்பின.

"நான்தான்" என்றாள், குருட்டாம்போக்கில்.

"அப்பாடா! நாப்பது வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டாடி!" ஒட்டகம் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அந்த அடி வலித்தது. இன்னொன்று விழுந்தாலும் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

கண்டம் தப்பியது. ஆனால் பிள்ளைகள் எத்தனை, வீடு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் ஜோடிக்க அவளுக்கு வராது. மாட்டிக்கொண்டால் இந்த நாற்காலி போய்விடும். நல்லவேளை, அதையெல்லாம் ஒருத்தியும் கேட்கவில்லை.

அடுத்த பாட்டுக்குக் கூட்டமே சேர்ந்து பாடியது. அவளும் தன்னை மறந்து பாடினாள்.

"இவ வாயைத் திறந்தா தெருநாய் ஊளையிடுமே!" என்றாள் பல் டாக்டர். "இந்தச் சுருதி எங்கேருந்துடி வந்தது?"

"வயசானா எல்லாம் வரும்" என்று சமாளித்தாள். வக்கீல் கடலைப் பொட்டலத்தை நீட்டினாள்.

சாயங்காலம் ஒரு மெதுவான பாட்டு. ஒட்டகம் பேச்சை நிறுத்திவிட்டு இவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லாம இந்தப் பாட்டைக் கேக்கவே முடியலடி" என்றாள். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

இவள் தன் கையைப் பார்த்தாள். ஒட்டகம் பிடித்துக்கொண்டிருந்தது இவள் கையை. நினைத்துப் பிடித்தது வேறொருத்தியின் கையை. அதுவரை விளையாட்டாக இருந்தது சட்டென்று திருட்டாகிவிட்டது. கையை எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை, பாட்டு முடியும் வரை.

கூட்டம் கலையத் தொடங்கியதும் ஒட்டகம் போனை எடுத்தாள். "அடுத்த மாசம் என் வீட்டுல நாலு நாள் கும்மாளம். நீயும் வர்ற. நம்பரைச் சொல்லு, குண்டூசின்னே போட்டுக்கறேன்."

சொல்லிவிட்டால் போதும். நாலு நாள். அதற்கப்புறம் இன்னும் எத்தனையோ நாள்.

"வேண்டாங்க" என்றாள் மெல்ல.

"என்னடி வேண்டாம்?"

"அந்தப் பேர் வேண்டாம். நான் குண்டூசி இல்ல. உங்க மூணு பேரையும் இன்னைக்குத்தான் பாக்கறேன். காலையிலேயே சொல்லியிருக்கணும். மன்னிச்சுடுங்க."

என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வதென்று தலையைக் குனிந்து நின்றாள். யாரும் திட்டவில்லை.

"தெரியும்" என்றாள் ஒட்டகம். "பின்னாலேருந்து பாத்தா அச்சு அசல் அவதான். என்னை அறியாம கத்திட்டேன். நீங்க திரும்பினதுமே தெரிஞ்சுபோச்சு. ஆனா 'வந்துட்டேன்'னு ஒரு சிரிப்புச் சிரிச்சீங்க பாருங்க... அதுக்கப்புறம் 'நீங்க அவ இல்ல'ன்னு சொல்ல எங்க யாருக்கும் வாய் வரல."

"அப்போ... அவங்க எங்கே?"

பல் டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அவ போய்ச் சேந்து ரெண்டு வருஷம் ஆச்சு. உங்க பேரைச் சொல்லுங்க."